கேபினுக்குள் போன ஜன்னல்

சோக் முனகுகிற சத்தம். டியூப் லைட் பற்றிக்கொள்ள முடியாமல் இமைக்கும்போது அதன் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருமே, வாயை மூடிக்கொண்டு யாரோ புலம்புவதுபோல ஒரு ம்ம்ம், அது. போன வாரம் ஒரு பல் வைத்தியரின் முன்னறையில் அதைக் கேட்டேன். வெளியே திருவனந்தபுரத்து நண்பகல் வெளுத்துக் கொதித்தது. உள்ளே ஜன்னலைப் பிளைவுட்டால் அடைத்து, பிளைவுட்டின் மேல் அருவிப் படம் ஒட்டி, அந்த அருவி தெரிவதற்காக ஒரு டியூப் லைட் போட்டிருந்தார்கள். வாசலில் வந்து நிற்கிற வெயிலை விரட்டிவிட்டு, மலையில் தண்ணீரை விழவைத்துக் கம்பி வழியாக வெளிச்சத்தை வரவழைக்கிற நாகரிகம்! பல்வலி மறந்துபோயிற்று. அதன் இடத்தில் ஒரு பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த அலுவலகம் பாளையத்துக்கு அருகே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். கட்டியவர் யாரோ, அவர் காலத்தில் கரண்ட் கிடையாது. ஆகவே வேறு வழியில்லாமல் அறிவோடு கட்டியிருந்தார். ஒரு நீள ஹால். வடக்கே ஆளைவிட உயரமாக இரண்டு ஜன்னல்கள். மற்றச் சுவர்களில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர்கள். ஓடுகளுக்கு நடுவே அங்கங்கே கண்ணாடி ஓடு. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. வெளிச்சம் நேரே வந்து கண்ணில் குத்தாது. முதலில் சுவரில் சாயும், அங்கிருந்து மெல்ல இறங்கி மேசைக்கு வரும், காகிதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். கார்மேகம் சூழ்ந்தால் மட்டும் யாராவது எழுந்து ஒரு பல்ப் போடுவார்கள். சூரியன் எங்களிடம் ஒருநாளும் பில் அனுப்பியதில்லை. ஒருவேளை அதனால்தான் அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று.

வடக்கு ஜன்னலை ஒட்டி டைப்பிஸ்டின் மேசை. ஆரியசாலையில் ஒரு பருப்பு மண்டியில் எடை போடுகிறவரின் மகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக்கும் மேலே அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஜன்னல். தற்காலிக வேலைதான். ஓணத்துக்கு முன்னால் ஆபீசர் அவளுடைய வேலையைப் பற்றி நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் வீடு. அந்த வீட்டில் தகப்பனுக்கு மூச்சிரைப்பு வந்து மண்டிக்குப் போகும் நாட்கள் குறைந்துகொண்டிருந்தன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் புது ஆபீசர் வந்தார். எங்கள் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துக்காரர். அதனால் என் வெறுப்பில் சொந்த வீட்டு ருசியும் கொஞ்சம் உண்டு. டில்லியில் மின்சாரச் சிக்கனப் பயிற்சிக்குப் போய்விட்டு, கலர்ப் படம் போட்ட புஸ்தகம் ஒன்றோடும் ‘லைட்டிங் டிசைன்’ என்ற வார்த்தையோடும் திரும்பியிருந்தார். வார்த்தையைப் புதுச் செருப்பு மாதிரி எங்கேயும் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதல் நாளே ஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஓய், இது ஆபீஸா, மாட்டுக் கொட்டிலா? வெளிச்சம் கண்ட இடத்துல விழறது. வெளிச்சத்துக்கும் ஒரு டிசிப்ளின் வேண்டாமோ, கேட்டேரா?”

சூரியனுக்கு டிசிப்ளின் கற்றுக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். கூரைக்குக் கீழே ஹார்ட்போர்டில் ஒரு பொய்க்கூரை. வென்டிலேட்டர்களும் கண்ணாடி ஓடுகளும் அதற்கு மேலே போய்விட்டன. எலிகளுக்கும் பல்லிகளுக்கும் இனி நல்ல வெளிச்சம். அந்தப் பொய்க்கூரையில் குழி வெட்டி டியூப் லைட்டுகள், அவற்றின் மேல் பால்நிறப் பிளாஸ்டிக் மூடி. ஒரு மாதத்துக்குள் மூடிக்குள் ஈசல்கள் விழுந்து செத்து, வெளிச்சம் அவற்றின் சவங்களைத் தாண்டித்தான் எங்களிடம் வந்தது. சுவரில் தோளுயரத்துக்குக் கரும்பச்சை எண்ணெய்ப் பெயின்ட். அழுக்கு தெரியாதாம். அழுக்கு மட்டுமா, எதுவுமே தெரியவில்லை.

கடைசியாகக் கேபின். ஆபீசர் என்றால் கேபின் வேண்டும். கேபின் என்றால் ஜன்னல் வேண்டும். ஹாலின் வடக்கு முனையைப் பிளைவுட்டால் தடுத்தபோது இரண்டு ஜன்னல்களும் உள்ளே போய்விட்டன. டைப்பிஸ்டின் மேசை நடு ஹாலுக்கு நகர்ந்தது. போகட்டும், ஜன்னல் அவருக்காவது பயன்பட்டதா? மேசைக் கண்ணாடியில் கூசுகிறது என்று இரண்டுக்கும் தடித்த பச்சைக் கர்ட்டன் தைத்துத் தொங்கவிட்டார். பிறகு உள்ளே இருட்டாக இருக்கிறது என்று பகலெல்லாம் இரண்டு டியூப் லைட் எரித்தார். ஹெட் கிளார்க் கேபினைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து மலையாளத்தில் வியந்தார்.

“எந்தொரு கெட்டப்பாணு!”

ஊரே அப்போது அந்தக் கெட்டப்பில்தான் மயங்கிக் கிடந்தது. வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நடுமுற்றத்தை ஸ்லாப் போட்டு அடைத்து, அடைத்த இடத்தில் சரவிளக்கைத் தொங்கவிட்டு, கரண்ட் பில்லைக் கொண்டுவந்தவனிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் சண்டை பிடிப்பார்கள். வானத்தை மூடுகிற காசில் வானத்தைப் போல ஒன்றை வாங்கி மாட்டுகிற ஜனங்கள்.

அந்தக் கோடையில் மலை அணைகள் வற்றின. அலுவலகங்களில் ஒன்று விட்டு ஒன்றாக டியூப் லைட்டுகளைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஹாலில் உடனே கழற்றினார்கள். கழற்றிய குழிகளில் ஒன்று டைப்பிஸ்டின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

“கேபின்ல சார்?” என்று கேட்டேன்.

“உள்ளதே ரெண்டு. அதுல எங்கேர்ந்து ஒண்ணு விட்டு ஒண்ணு?”

“ரெண்டுல ஒண்ணை எடுக்கலாமே.”

“ஓய், ஆபீசர் இருட்டுல உக்காந்தா ஆபீஸுக்கே அவமானமாக்கும்.”

பிறகு மழை மாதம் வந்தது. மழை வரவில்லை. பெய்யவும் மாட்டேன் கலையவும் மாட்டேன் என்று மேகம் மட்டும் தலைக்கு மேல் நின்றது, கையெழுத்துப் போடாத அதிகாரி மாதிரி. ஹால் கிணற்றின் அடிபோல இருண்டது. டைப்பிஸ்ட் எங்கள் கிறுக்கல்களை மூக்கில் முட்டும்படி தூக்கிப் பிடித்துப் படித்தாள்.

“சார், இது மூணா, எட்டா?”

“எட்டு.”

“எட்டா? வளைச்சது கீழ வந்து முட்டவே இல்லியே. கொஞ்சம் முட்ட விடுங்க சார். உங்க எட்டு மூணா நின்னா நான் வீட்டுல நிக்கணும் பாத்துக்கிடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய பக்கங்களில் சிவப்பு மை வட்டங்கள் பெருகின. ஒருநாள் ஆபீசர் கேபினின் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தை அவள் மேசையில் போட்டார்.

“ஏம்மா, கண்ணு தெரியலைன்னா கண்ணாடியை மாத்து. ஓணத்துக்கு முன்னாடி உன்னைப் பத்தி நான் எழுதணும். என்னன்னு எழுதச் சொல்றே?”

“மேசையை ஜன்னல் பக்கமா போட்டுக்கிடலாமா சார்?”

“ஜன்னல் எங்கே இருக்கு?”

“உங்க ரூமுலதான் சார்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஆபீசர் உள்ளே போனார். அரைக்கதவு முன்னும் பின்னும் ஆடி அடங்கியது. யூனியன் செயலாளர் மட்டும் பிறகு அவளிடம் வந்து, இது தனிநபர் பிரச்சினை, பொதுப் பிரச்சினையாக வளரட்டும், அப்போது பார்ப்போம் என்று ஆறுதல் சொன்னார். அந்த இருட்டில் அவர் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. நல்லதுதான்.

மின்சாரச் சிக்கனத்தில் எந்த அலுவலகத்துக்குப் பரிசு என்று பார்க்க ஒரு கமிட்டி வந்தது. கமிட்டியோடு வந்த என்ஜினியர் கையில் வெளிச்சத்தை அளக்கிற கருவி, உள்ளங்கையளவு, ஒரு முள்ளோடு. ஆபீசர் அவரை நேரே கேபினுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு மட்டும் கர்ட்டன்கள் ஒதுங்கியிருந்தன, டியூப் லைட்டுகள் அணைந்திருந்தன. முள் துள்ளி எழுந்திருக்க வேண்டும். என்ஜினியர் ‘பேஷ்’ என்றது வெளியே கேட்டது. திரும்பும் வழியில் அவர் டைப்பிஸ்டின் மேசையருகே நின்று கருவியை நீட்டப்போனார். ஆபீசர் அவர் முழங்கையைத் தொட்டார்.

“டீ ஆறிப்போறது சார்.”

டீ ஆறவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பரிசு கிடைத்தது. குறைந்த மின்சாரம், நிறைந்த வெளிச்சம். பரிசு என்ன தெரியுமா? ஒரு மேசை விளக்கு. வளையும் கழுத்து, பித்தளை நிறக் குடை. ஏதோ மின்சாமான் கடைக்காரர் உபயம். அதைப் பிளாஸ்டிக் உறையோடு ஆபீசர் தன் மேசையில் வைத்துக்கொண்டார், உறையைக்கூட எடுக்காமல்.

டைப்பிஸ்ட் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

“அந்த லைட்டை எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா சார்? ஓணம் வரைக்கும் போதும்.”

“அது ஆபீஸ் ப்ராப்பர்ட்டி. ஆபீசர் கஸ்டடியில இருக்கணும்.”

“நானும் ஆபீஸ்லதான் இருக்கேன்.”

“நீ டெம்ப்ரரி. விளக்கு பர்மனென்ட்.”

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வேடிக்கையாகச் சொல்லியிருந்தால் மனிதர் என்று மன்னித்திருப்பேன்.

ஓணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு மத்தியானம், ஆபீசர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், வெளிச்சச் சிக்கனம் பற்றிப் பேசுவதற்கு. அன்று சாயங்காலம் மேலிடத்துக்குப் போகவேண்டிய அறிக்கை டைப்பிஸ்டின் மேசையில் கிடந்தது. இதிலும் தப்பு வந்தால் முடிந்தது என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பெரிய டைப்ரைட்டரை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினாள், கனத்த பிள்ளையைத் தூக்குவதுபோல. பின்பக்கத்தால் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு கேபினுக்குள் போனாள்.

உள்ளே கர்ட்டன் வளையங்கள் சரசரவென்று ஓடிய சத்தம் கேட்டது. அரைக்கதவுக்குக் கீழே, கமிட்டி வந்த நாளை விட்டால் பல மாதங்களுக்குப் பிறகு, ஹாலின் தரையில் ஒரு துண்டு பகல் வந்து விழுந்தது. என்ன சொல்ல, நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் ஓரத்தில் செருப்பு வைக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு டைப் அடிக்கிற சத்தம். தடுக்கல் இல்லை, நிறுத்தி முகர்ந்து பார்க்கிற இடைவெளி இல்லை. ஓட்டுக்கூரையில் விழுகிற மழை மாதிரி அடித்துக்கொண்டேயிருந்தாள். அந்த வருஷம் நான் கேட்ட ஒரே நல்ல மழை அது.

ஆபீசர் சீக்கிரமே திரும்பிவிட்டார். ஹெட் கிளார்க் எழுந்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். அரைக்கதவின் மேல் விளிம்பு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

“எழுந்திரு.”

“ரெண்டு வரிதான் சார்.”

அவள் நிமிரவில்லை. சொந்தக் கேபினில், சொந்த நாற்காலிக்குப் பக்கத்தில், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் இரண்டு வரி நேரம் நின்றார். என் உத்தியோக காலத்தில் நான் கண்ட மிக நீளமான இரண்டு வரிகள். அவள் காகிதத்தை உருவி நீட்டினாள்.

“தப்பு இருக்கா பாருங்க சார்.”

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கர்ட்டனை இழுத்து மூடினார். பழக்கம்! மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். அன்றைக்கு வோல்டேஜ் இல்லை. டியூப் லைட் இரு முனையிலும் சிவந்து இமைத்தது, பற்றவில்லை. சோக் ம்ம்ம் என்று முனகத் தொடங்கியது. அவர் காகிதத்தைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பரிசு விளக்கைப் போடலாமே என்றால் அது உறைக்குள் இருந்தது. கடைசியில், எங்கள் யாரையும் பார்க்காமல், கர்ட்டனை இரண்டு விரலால் கொஞ்சம் விலக்கி, அந்த இடுக்கு வெளிச்சத்தில் மூக்கை நுழைத்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

சிவப்புப் பேனாவை எடுத்து வைத்திருந்தார். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

இங்கே கதை முடிந்து, மனிதர் திருந்தி, மேசை ஜன்னலுக்குத் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் வேலை பார்த்ததில்லை. டைப்பில் குறை சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று. ஆகவே ஒழுங்கில் குறை கண்டுபிடித்தார். அனுமதியின்றி மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. ஹெட் கிளார்க் அதை அவளிடம் மலையாளத்தில் சொன்னார், தமிழில் சொன்னால் கூடுதலாக வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. யூனியன் செயலாளர் அன்று லீவு.

அவளுடைய கடைசி நாள் சாயங்காலம். ஊர் முழுக்க ஓணத்துக்குப் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் ஏற்கனவே வீட்டுக்குப் போயிருந்தார். நான் படி வரைக்கும் கூட வந்தேன். அவள் தோளில் எப்போதும் ஒட்டிக் கிடக்கிற துணிப்பை அன்றைக்குப் பிதுங்கியிருந்தது. வாய்க்கு வெளியே ஒரு பச்சைத் துணி எட்டிப் பார்த்தது.

“பையில என்ன?”

“கர்ட்டன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

“ரெண்டுமா?”

“ஒண்ணை வச்சு என்ன செய்ய? ஜன்னல் ரெண்டுல்லா.”

“இனி எங்கே?”

“சாலைக் கடைத்தெருவுல ஒரு டைப்பிங் கடையில எடம் இருக்கு. கடைக்காரரு உள்ள மிஷின் போடுதேன்னாரு. வேண்டாம், தெருவைப் பாத்து வாசல்ல போடுங்கன்னேன்.”

தெருவில் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடந்தது. அவள் படியிறங்கி, அதற்குள் போய் நின்று திரும்பினாள்.

“நாளைக்கு அவர் கேட்டா நான் என்ன சொல்ல?” என்றேன்.

“அக்கா பிள்ளைகளுக்கு ரெண்டு பாவாடை தைக்கக் காணும்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க. நீங்க பயப்படாண்டாம் சார்.”