உலகம் அழிந்தால் மகன் வருவான்

என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். அவன் இருக்கும் நாட்டில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா, முட்டி வலி எப்படி இருக்குது?" என்பான். சாப்பிட்டேன், போட்டேன், அப்படியேதான் இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே யாராவது அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். போனை வைத்துவிட்டு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவேன். அந்த மாட்டையும் போன வருடம் விற்றுவிட்டேன்.

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகிற வழியில், தோட்டத்துக்குள் தனி வீடு எனக்கு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். அவர் காரியத்துக்கு வந்த மகன், காரியம் முடிந்த மறுநாளே கிளம்பினான். லீவு இல்லையாம். மருமகளும் பேத்தியும் வரவில்லை. பேத்திக்குப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு அவர்களைப் போனில் பார்ப்பதோடு சரி. பார்க்கிறவர்களெல்லாம் "பையன் எப்பங்க வாராப்ல?" என்று கேட்பார்கள். வருகிற பொங்கலுக்கு என்பேன். பொங்கல்தான் வருடா வருடம் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மாத்திரையைக் கேட்கவில்லை. "அம்மா, நம்ம கிணத்துல தண்ணி இருக்குதா?" என்றான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை கிணற்றைப் பற்றிக் கேட்டால் நிலத்தை விற்கப் போகிறான் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். அவன் சொன்னதோ வேறு. உலகம் ரொம்ப நாள் தாங்காதாம். சண்டை வரும், இல்லாவிட்டால் இன்னொரு நோய் வரும். கரண்ட் நிற்கும், பாங்கு நிற்கும், கடையில் சாமான் இருக்காது, மனிதனை மனிதன் அடித்துத் தின்பான். நோய்க்காலத்தில் அவன் ஊர்க் கடைகளில் வெறும் அலமாரிகளைப் பார்த்ததிலிருந்து இந்தப் பயம் உள்ளே போய்விட்டது போலிருக்கிறது. கடைசியில் ஒன்று சொன்னான்.

"அப்படி ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தோட்டந்தாம்மா சரி. கடைசி பிளேனைப் புடிச்சாவது நாங்க மூணு பேரும் அங்க வந்துருவோம்."

மற்றதெல்லாம் என் காதில் ஏறவேயில்லை. மூணு பேரும் அங்க வந்துருவோம் என்பதை மட்டும் அன்றைக்கு முழுவதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் திருவிழாவாகிவிட்டன. ஒரு மணி நேரம் பேசுவான். ராகி எத்தனை மாதம் தாங்கும், உப்பு எவ்வளவு வேண்டும், மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் விளக்குக்கு என்ன வழி என்றெல்லாம் கேட்பான். எனக்குத் தெரிந்த விஷயத்தை என் மகன் என்னிடம் கேட்டது அப்போதுதான். துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தால் வண்டு அண்டாது கண்ணு என்றேன். செம்மண்ணைக் குழைத்து, துவரையை அதில் பிசறி, வெயிலில் காயப் போட்டு எடுக்க வேண்டும். முட்டி வலியோடு உட்கார்ந்து நானே பிசறினேன். நடு அறை முழுக்க டிரம் டிரம்மாக அடுக்கினேன். ஊர்ச் சனம் பசியில் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால் சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை ஏறிவிடலாம் என்று அவன் ஒரு யோசனை வைத்திருந்தான். நான் என் வீட்டு மாடியே ஏறுவதில்லை. சரி சாமி, ஏறிக்கலாம் என்றேன்.

அவன் சொல்லாததையும் நான் செய்தேன். நடு அறைக்குப் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தேன். மருமகளுக்குக் கீழே உட்கார்ந்து பழக்கமில்லை என்று வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தேன். பேத்திக்கு ஒரு சின்ன சைக்கிள் வாங்கினேன். உலகம் அழிந்தாலும் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்குமா?

தண்ணீர்தான் பாக்கி. எது நின்றாலும் தண்ணீர் நிற்கக் கூடாது என்று என் கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவர். எங்கள் பக்கத்து ரிக்காரரிடம் தலைவலி என்று சொன்னாலும் போர் போட்டுக்கலாம் என்பார். "விடுங்கண்ணி, ஆயிரம் அடி இறக்கிடலாம். ஊரே காஞ்சாலும் உங்க தண்ணி நிக்காதுங்க" என்றார். இறக்கினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மோட்டார் மாட்டினோம். மகனுக்கு வீடியோவில் காட்டினேன், அவனுக்கும் சந்தோஷம். கரண்ட் நின்றுபோகும் என்பதுதான் எங்கள் பயமே. அதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு கரண்ட் மோட்டார். அவன் படித்தவன், கொழுந்தனார் தொழில் தெரிந்தவர், நான் குடித்தனம் பண்ணினவள். மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அடுத்த மாதமே, போர் இழுத்த இழுப்பில், பழைய கிணற்றில் தண்ணீர் கீழே போய்ச் சேறு தெரிந்தது. வாளி போட்டு இறைக்க இருந்த ஒரு வழியும் போனது.

இன்னொன்றும் போனது. தறிக்காரர் தெருவிலிருந்து ஒருத்தி சாயங்காலமானால் முருங்கைக் கீரை பறிக்க வருவாள். கீரை சாக்குத்தான். விசைத்தறிச் சத்தத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்து வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். சேர்த்து வைத்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். அதனால் முதலில் நடு அறையைப் பூட்டினேன். அப்புறம் அவளை வாசலோடு நிறுத்தினேன். அப்புறம் கீரையை நானே பறித்துக் கேட்டுக்கு வெளியே நீட்டினேன். அவளுக்குப் புரியாதா? வருவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது வருத்தமாகத் தெரியவில்லை. வீடு நிறைய ஆள் வரப்போகிறதே என்றிருந்தேன்.

இந்தக் கோடையில் ஒரு நாள் மழையோடு பெருங்காற்று அடித்து, புளியமரம் கம்பி மேல் சாய்ந்து டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. கரண்ட் போனது. மறுநாள் போனும் செத்துவிட்டது. தறிச் சத்தம் இல்லாமல் ஊர் அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. போனது டிரான்ஸ்பார்மர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், சொன்னால் சிரிப்பீர்கள், நான் தலைக்குக் குளித்துப் பின்னிக்கொண்டேன். பக்கத்து அறையைத் திறந்து காற்றாடவிட்டுக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். நாற்காலியை எடுத்துப்போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். சந்தோஷமாகவே இருந்தது. ஊரே இருட்டில் கிடந்து அல்லாடும்போது சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. டிரம் டிரம்மாகத் துவரை இருக்கிறது, வேகவைக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தறிக்காரர் தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு பழைய அடிபம்பு உண்டு. அவள்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க போருல தண்ணி இல்லீங்களா?"

"கெடக்குது கடலாட்ட. எடுக்கறதுக்குத்தான் கரண்டு வேணுமாமா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் முட்டியைப் பார்த்துவிட்டு, "உடுங்க்கா, நான் கொண்டாந்து வெக்கறேன்" என்று குடத்தை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேசிக்கொண்டே வந்தோம். தோட்டத்துக் கேட் வந்ததும் நின்று குடத்தை இறக்கினாள். உள்ளே வரவில்லை. "வாரனுங்க்கா" என்று திரும்பிவிட்டாள். அந்தக் குடத்தை நான் உள்ளே கொண்டுபோன பாடு எனக்குத்தான் தெரியும்.

கரண்ட் வந்தது. போன் உயிர் பெற்றதும் எடுத்துப் பார்த்தேன். மகனிடமிருந்து ஒன்றும் இல்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை வரவில்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நாட்டிலேயே, டவுனை விட்டுத் தள்ளி, ஒரு மலைப்பக்கம் வீடு வாங்கிவிட்டானாம். தரைக்கு அடியில் ஒரு அறை, சொந்த ஊற்று, குளிருக்கு விறகு எல்லாம் இருக்கிறதாம்.

"அந்த நேரத்துல பிளேனெல்லாம் நம்ப முடியாதும்மா. குழந்தையை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படி வர்றது? இதுதான் சரி."

"சரி கண்ணு. அப்ப நானு?"

"உனக்கென்னம்மா, உனக்குத்தான் அங்க எல்லாம் இருக்கே."

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவன் உண்மையாகவே நினைக்கிறான். அப்புறம் மாத்திரை போட்டியா என்றான். போட்டேன் என்றேன்.

அன்று சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் ரோட்டோடு போனாள். கீரை பறிச்சுட்டுப் போ என்று கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தாள். நேராகக் கூட்டிப்போய் நடு அறையைத் திறந்துவிட்டேன். டிரம்களைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த சைக்கிளைப் பார்த்தாள். ஒரு கைத் துவரையை அள்ளி, செம்மண்ணை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தனையும் ஒரு ஆளுக்குங்களா? பையன் எப்பங்க்கா வாராப்ல?"

"உலகம் அழிஞ்சாக்கூட வரமாட்டானாமா" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தேன்.