என் மகனை மறைத்த சீமாட்டி

பேய், ஆவி என்று கதைக்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நட்டமில்லை. ஆனால் பாரிஸ் லா ஷப்பலில், எங்கள் வீட்டு ஹாலில், பட்டப்பகலில், ஐயர் முதற்கொண்டு எல்லாரும் பார்த்திருக்க நடந்ததை நான் ஏன் மறைக்க வேண்டும்?

என் மகன் சுகந்தன் 2009இல் வன்னிப் போரில் காணாமல் போனவன். செத்தான் என்றும் எவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அவன் படத்துக்கு நான் மாலை போட்டதே கிடையாது. மாலை விழுந்தால் முடிந்தது, பெற்றவளே பிள்ளையைச் சாகடித்த மாதிரி. சில வருடம் போனதும் என் மருமகன் தவம் ஐயரைப் பிடித்து, ஒரு ஞாயிறு காலை ஈமக்கிரியை என்று நாளும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமி, ஆத்துமா அலையக்கூடாது."

"அவன் செத்ததை நீர் கண்டனீரோ?"

"இல்லை, ஆனா..."

"அப்ப வாயைப் பொத்தும்."

பொத்தவில்லை. பழைய சாமான் சந்தைக்குப் போய்த் தங்க நிறச் சட்டம் ஒன்று வாங்கி வந்தான். அதற்குள் ஒரு வெள்ளைக்காரியின் படம், தடித்த துணியில் வரைந்தது. நீலப் பட்டு, கதவளவு அகலப் பாவாடை, கன்னத்தில் அப்பிய சிவப்பு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. "பிரெஞ்சு ராசாக்கள் காலத்துச் சீமாட்டி மாமி, செத்து இருநூறு வருசத்துக்கு மேல இருக்கும்" என்றான். என் வீட்டில் இழவு வைக்கப் பார்க்கிறார்கள், இவள் சிரிக்கிறாள். எனக்குப் பற்றி எரிந்தது. வடிவாயிருக்கிறாள், எறிய வேண்டாம் என்று மகள் வதனி தடுத்ததால், தவம் அவளை உள்ளேயே விட்டு, அவளுக்கு முன்னால் சுகந்தனின் படத்தை வைத்துப் பின்பலகையை ஆணி அடித்து மூடினான். ஒவ்வொரு ஆணிக்கும் நான் திட்டினேன். அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு காலை சனம் வந்தது. நான் படத்துக்கு நேரெதிரே கதிரையைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஐயர் மாலையைப் போடச் சொன்னார், தவம் தூக்கினான். நான் பிள்ளையின் கண்ணையே பார்த்தபடி ஒருதரம் இமைத்தேன், அவ்வளவுதான், சட்டத்துக்குள் அந்தச் சீமாட்டி நிற்கிறாள்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன தம்பி, ஆருக்குக் கிரியை? இந்த வெள்ளைக்காரிக்கோ?"

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாமி, நீங்கள்தான் மாத்தி வைச்சனீங்கள்!"

"கதிரையில இருந்தபடியோ? போய்க் கழட்டிப் பாரும்."

குறட்டால் இழுத்துத்தான் கழற்றினான், ஓர் ஆணிகூட அசைந்திருக்கவில்லை. பலகைக்கும் அவள் முதுகுக்கும் நடுவில், இருட்டுக்குள் இருந்தான் என் பிள்ளை. ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைக்கும்போது நாங்கள் பெடியன்களைச் சேலைக்குப் பின்னால் மறைத்து நிற்போமே, அச்சு அசல் அதே மாதிரி. அவள் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் போய்விட்டது.

"மாலையைக் கொண்டுபோய்க் குப்பையில போடும். என்ர பிள்ளை இருக்கிறான்" என்றேன். ஐயர் சாமான்களைக் கட்டிக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் கிரியைப் பேச்சே எடுபடவில்லை.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளையின் படத்தை என் அறைக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். அது எடுத்த அன்று அவன் போட்டிருந்த சட்டை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது, ஒரு சுருக்கம் கிடையாது, படத்திலும் இருந்ததில்லை. இப்போது இடது தோளில் துணி கசங்கிக் கிடக்கிறது. ஐந்து விரல் இறுக்கிப் பிடித்த மாதிரி.

வதனியிடம் காட்டினேன். "அது முதலே அப்பிடித்தானம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் நேரே ஹாலுக்குப் போய் அந்தச் சீமாட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக் கத்தினேன். "என்ர பிள்ளையைத் தொட நீ ஆரடி?"

கத்தின பிறகுதான் அந்த எண்ணம் வந்தது, இன்றுவரை போகவில்லை. அவள் செத்துப்போனவள். அவளுடைய கை அவன் தோளுக்கு எட்டுகிறதென்றால், அவன் எந்தப் பக்கம் நிற்கிறான்?

அதை நான் எவரிடமும் கேட்கப் போவதில்லை. ஐயரிடம் கேட்கவே மாட்டேன்.