மாலையின் மேல் போட்ட பழி

என் தங்கையின் கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஈப்போவுக்குச் சரக்கு இறக்கப் போன மாப்பிள்ளை, ஒருநாள் திரும்பும்போது காலி லோரியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். கார் என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். உள்ளபடி அது ஒரு குழாய்ச் சட்டம், பழைய ஜீப் சாயலில் ஒரு ஃபைபர் உடம்பு, நான்கு அட்டைப்பெட்டி நிறையச் சாமான். கிட் கார் என்பார்கள். எஞ்சினை நாமே தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டும். யாரோ ஆசையாக வாங்கி, பாதியில் அலுத்துப்போய் விற்றிருந்தார்கள்.

"லாலாங் புல்லுக்குள்ள மழையில கெடந்துச்சு மச்சான். பாவமா இருந்துச்சுலா" என்றார்.

தங்கைக்கு எரிச்சல். "கூரைகூட இல்ல. இந்த மலையில தெனமும் மழை. குளிக்கிறதுக்கா வாங்கினீங்க?" என்று கேட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் பழைய துணியும் வாளியுமாக அந்த ஃபைபர் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

நான் தேயிலைத் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். இந்தத் தோட்டத்தில் ஓடும் எந்த வண்டியும் என் கை படாமல் ஓடாது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. எஞ்சின் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை கேட்கவே இல்லை.

அந்த வண்டியை வைத்து அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி ரதம் கீழே கோயிலிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு லயத்து வரிசைவீட்டு வாசலிலும் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு, தொழிற்சாலை தாண்டி மேல் டிவிஷன் வரை ஏறும். டிராக்டர் இழுக்கும். ரத விளக்குக்காகப் பின்னால் ஒரு லோரியில் ஜெனரேட்டர் வரும். அந்த இரைச்சலில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுவது மட்டும்தான் தெரியும், சத்தம் வராது. இந்த வண்டியே ரதத்தை இழுத்து, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் இந்த வண்டியின் ஆல்டர்நேட்டரே விளக்கையும் எரித்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார்.

"ஒரு வருஷமாச்சும் நாதஸ்வரம் காதுல விழட்டும் மச்சான்."

எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. கோயில் கமிட்டித் தலைவரிடம் போய் நான்தான் வாய் கிழியப் பேசிச் சம்மதம் வாங்கினேன்.

எஞ்சின், வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளை விற்கும் கடையில் கிடைத்தது. சட்டத்தில் இறக்கிப் பார்த்தால் ஆல்டர்நேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. விளக்குச் சுமைக்கு எஞ்சினோடு வந்த சின்ன ஆல்டர்நேட்டர் போதாது என்பதால், சின்ன லோரியில் போடுகிற பெரியதை வாங்கியிருந்தோம். ஆங்கிள் இரும்பை வளைத்து ஒரு தாங்கி செய்து அதை இடதுபுறம் மேலே தூக்கி வைத்தேன். இப்போது பெல்ட் பிடிக்கவில்லை. விளக்குச் சுமை ஏறியதும் வழுக்கிக் கிறீச்சிட்டது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள், எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்ப்பில் பெல்ட் ஓடுகிற பல் சக்கரத்தை, அந்தப் புல்லியைக் கழற்றிவிட்டு வழவழப்பான புல்லி ஒன்றைப் போட்டு, பெல்ட்டின் முதுகுப் பக்கம் அதன் மேல் வளைந்து போகும்படி மாற்றினேன். பெல்ட் ஆல்டர்நேட்டரை நன்றாகக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கிறீச் நின்றது. மாப்பிள்ளை என் தோளில் தட்டி, "நீங்க எஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்" என்றார். நான் மறுக்கவில்லை.

தோட்டத்துச் சாலையில் காலைப் பனியில் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. வெப்ப ஊசியைப் பார்த்தேனா என்றால், இல்லை. இந்த மலைக்குளிரில் எங்கள் வண்டிகளின் ஊசி பாதிக்கு மேல் ஏறுவதே கிடையாது. மலைக்குக் கீழே, வெயில் ஊரான தாப்பாவில் இருக்கும் மெக்கானிக் முதலில் அந்த ஊசியைத்தான் பார்ப்பான். எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

திருவிழா அன்று தங்கை விடியற்காலையிலேயே பூக்கட்ட உட்கார்ந்துவிட்டாள். ரதத்துக்கு மாலை கட்டுவது வருஷாவருஷம் அவள் வேலை. லயத்துப் பெண்கள் அவள் கையைத்தான் நம்புவார்கள். அந்த வருஷம் வண்டிக்கும் சேர்த்துக் கட்டினாள். செவ்வந்தியும் வேப்பிலையும் கலந்து, முகப்பு முழுக்கத் தொங்கும்படி மூன்று சரம். கட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் இது வண்டி மாதிரி இருக்கு" என்றாள்.

ரதம் புறப்பட்டது. விளக்குகள் எரிந்தன. நாதஸ்வரம் கேட்டது. வயதானவர்கள்கூட வீட்டுக்குள்ளிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வேலையை இன்னொரு தடவை செய்யலாம் என்று நினைத்தேன்.

ஆள் நடக்கிற வேகத்தில் ஏறி, நின்று, மறுபடி ஏறி, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள ஏற்றத்துக்கு வந்தபோது முகப்பிலிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சினை நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் விளக்கும் மங்கி அணைந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. தலையில் பால்குடத்தோடு பெண்கள் நடுச்சாலையில் நின்றார்கள். கமிட்டித் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "என்னா ஃபிட்டரு, என்னா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றார்.

எனக்கு உண்மையில் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் என் வாயிலிருந்து அது வரவில்லை.

"ரேடியேட்டரு மூச்சு விட முடியாம மாலையப் போட்டு அடைச்சா, எஞ்சின் என்னா செய்யும்?" என்றேன்.

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர், "ஒனக்கு அறிவு இருக்கா? கல்யாண வண்டியா இது?" என்று கத்தினார். அவள் தான் கட்டிய சரங்களைத் தானே பிய்த்து எடுத்தாள். எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளப்பினோம். நூறு அடி போவதற்குள் மறுபடி கொதித்தது. அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "மொத தடவ கொதிச்சதுலயே எஞ்சினுக்கு உள்ள கேஸ்கெட் வெந்து போயிருக்கும்" என்றேன். டிராக்டர் வந்து ரதத்தை இழுத்துப் போனது.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் தனியாக எஞ்சினைக் கிளப்பிவிட்டு முன்னால் நின்று பார்த்தேன். பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் பல் பக்கம் ஒரு திசையில் இழுத்தால் முதுகுப் பக்கம் எதிர்த் திசையில் தள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தண்ணீரைத் தள்ள வேண்டிய பம்ப் அதைச் சும்மா கலக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. வேகமாகப் போனபோது மலைக்காற்று என்னைக் காப்பாற்றியது. மெதுவாக ஏறும்போது காப்பாற்ற ஒன்றுமில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெல்ட்டை வேறு வழியில் ஓட்டிச் சரிசெய்தேன். கேஸ்கெட் மாற்றியதாகச் சொன்னேன். அதன்பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. தலைவர் மறுவருஷம் ஜெனரேட்டரையே கொண்டு வந்தார். ரதத்துக்கு மாலை கட்ட வேறு பெண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் தங்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள்தான் முதுகு வலி என்று ஒதுங்கினாள். மாப்பிள்ளையின் கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பதில் அது ஒரு நகைச்சுவைக் கதையாகிவிட்டது. விருந்தாளி வந்தால், "என் சம்சாரம் மாலையாலயே ஒரு எஞ்சின வேக வச்சவ" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் உதட்டளவில் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போவாள். ஆறு வருஷம் இப்படிப் போனது. இன்று நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் மாப்பிள்ளை லோரியோடு வெளியே போயிருந்த ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்ண்ணே. மாலைய எல்லாம் நான் எடுத்த பொறவுதானே ரெண்டாவது தடவ கொதிச்சுச்சு."

"அப்ப ஏன் ஒன்னும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கீரைக்கட்டை ஒதுக்கி வைத்தாள். "இப்பவும் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என்னைய ஏசினது அவரு. அவருகிட்ட சொல்லுங்க."

அவர் வரும்வரை காத்திருந்து சொன்னேன். பெல்ட், புல்லி, பம்ப், எல்லாவற்றையும். லோரிச் சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அந்தக் கதைய எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் நீங்களும் கூட உக்காந்து சிரிச்சீங்களே மச்சான்."