ஆர்டிஸ் வீட்டு முட்டை சாலட்

எரிவாயுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற ஹார்லன் சோர்லி, யாரையும் முகம் சுளிக்க வைத்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே, உடனே வெளியேறு, தூரப் போய் நின்று போன் செய் என்று எங்கள் மின்னசோட்டா ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். ஊரும் பணிவாகத் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடும்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து அவரும் மனைவி லவோனும் ஆர்டிஸ் டோலெஃப்சன் என்ற விதவை வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். கூட இன்னும் நாலு பேர். உட்கார்ந்ததுமே ஹார்லனின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அழுகிய முட்டை வாடை, அடுப்புப் பக்கமிருந்து. சந்தேகமே இல்லை, கேஸ்தான்.

ஆனால் ஆர்டிஸ் அந்த நேரம் பார்த்து முட்டை சாலட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இப்போது போய் வாடை என்றால் அவள் என்ன நினைப்பாள்? எங்கள் ஊரில் விருந்துக்குப் போன வீட்டில் நாற்றம் என்று சொன்னவனைப் புதைக்கக்கூட ஆள் வராது. ஹார்லன் சாலட்டைப் பாராட்டினார். வாடை எட்டிய மற்றவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். காபி வந்தது, கேக் வந்தது. இரண்டாவது துண்டையும் வாங்கிக்கொண்டார் அந்த மகா மரியாதைக்காரர்.

லவோன் தலை கனக்கிறது என்று நெற்றியைப் பிடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்போதும் வாய் திறந்து சொன்னாரா? இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு, "சரி, அப்ப..." என்று எழுந்தார். எங்கள் ஊரில் அதற்குக் கிளம்புகிறோம் என்று அர்த்தம். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றும் அர்த்தம். ஒருவர் கோட்டைத் தேடினார். இன்னொருவர் மூடிய வாசல் கதவருகே நின்று பனிப்பொழிவைப் பற்றிப் பேசினார். மிச்சத்தைக் கட்டிக் கொடுக்க ஆர்டிஸ் டப்பா தேடி, சமையல் சாமான் அறை விளக்கைப் போடக் கை நீட்டினாள்.

"கையை எடுங்க, ஆர்டிஸ்! கேஸ் லீக் ஆகுது. கோட்டு, டப்பா எதுவும் வேண்டாம். எல்லாரும் வெளிய போங்க."

ஹார்லன் கத்தி யாரும் கேட்டதில்லை. காலுறையோடு பனியில் ஓடினாள் ஆர்டிஸ். தெருக்கோடி வீட்டிலிருந்து போன் போட்டார்கள். கம்பெனி ஆள் வந்து மீட்டர் அருகே வாயுவை அடைத்தார். அடுப்புக்குப் பின்னால் குழாய் விரிசல் விட்டிருந்ததாம். ஒரு சின்னப் பொறி போதும், வீடே போயிருக்கும் என்றார். ஹார்லனோ, கத்தியதற்காக ஆர்டிஸிடம் மூன்றாவது தடவையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக வாடை என்று கேட்டார் வந்தவர். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஹார்லனுக்குப் பொய் வராது. "நாப்பது நிமிஷம் இருக்கும்" என்றார்.

லவோன் காரில் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்:

"அந்த நாப்பது நிமிஷமும் நான் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், ஹார்லன்."