எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று

கொரோனா காலத்தில் அம்மா முதியோர் இல்லத்தில் ரொம்பப் பத்திரமாக இருந்தாள். பெற்ற பிள்ளைகூட நெருங்க முடியாத அளவுக்குப் பத்திரம். இடுப்பு எலும்பு உடைந்த பிறகு, நான் சுக்குக் காபி விற்கப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கே சேர்த்திருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மேலாளர் பெரிய மனது பண்ணினார். மாலை நான்கு மணிக்கு, கேட்டுக்கு வெளியே நின்று, பத்து நிமிடம் பார்க்கலாம். தவறினால் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அவர் பார்த்துக் கொடுத்த நாள் பௌர்ணமி.

அன்று கிரிவலத்துக்குத் தடை. இல்லமோ கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் உள்ள என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். கொஞ்ச தூரத்திலேயே போலீஸ்காரர் தடுத்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“அம்மாவப் பாக்கணும் சார்.”

“காலையில இருந்து எல்லாரும் அம்மாவப் பாக்கத்தான் போறாங்க. திரும்பு.”

மேலாளருக்கு ஃபோன் போட்டு அவரிடம் நீட்டியிருக்கலாம். புதிய மனிதரிடம் இரண்டாவது வார்த்தை பேச எனக்கு வராது. அதற்குப் பதில் ஐந்தாம் வகுப்பு மூளையை உபயோகித்தேன். மலையை எல்லோரும் வலமாகத்தானே சுற்றுவார்கள்? எதிர்ப்பக்கமாகப் போகிறவனைப் பக்தன் என்று யார் பிடிப்பார்கள்? பதினான்கு கிலோமீட்டர் சுற்றில் அந்த மூன்று போக, மீதி பதினொன்றையும் நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ். “யோவ், மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்து” என்றதோடு சரி. திட்டம் அப்படி ஒரு வெற்றி.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை.

“நாற்காலியில கொணாந்து ஒக்கார வச்சிருந்தோம்பா. நாலரை வரைக்கும் பாத்தாங்க. அடுத்த முறை வா” என்றார் வாட்ச்மேன்.

“சரிங்க” என்றேன். பதினொரு கிலோமீட்டர் நடந்தவனுக்கு இந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். கொரோனா இல்லை, வயதுதான் என்றார்கள். இருந்தாலும் விதி விதிதானே, முகம் தெரியாமல் சுற்றித்தான் கொடுத்தார்கள். வாய் இருக்கும் என்று நினைத்த இடத்தில், பிளாஸ்டிக்கின் மேல் வாய்க்கரிசி போட்டேன். அது வழுக்கிக்கொண்டு தரையில் கொட்டியது.

அம்மாவின் துணிகளைக் கொடுத்த ஆயா, அந்தப் பௌர்ணமியன்று நடந்ததைச் சொன்னார். “உன் புள்ள வரமாட்டான் போலக்கீதே” என்று இவர் கேட்டாராம். அம்மா சொன்னாளாம்: “வருவான். எவனாவது திரும்பிப் போன்னு சொல்லியிருப்பான், அதுவும் சரின்னு போயிருக்கும். எப்படியாவது சுத்திக்கினு வந்துடும் பாரு.”

இப்போது பௌர்ணமிதோறும் அந்த கேட்டைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் போகிறார்கள். போலீஸே கையைக் காட்டி அனுப்புகிறது. நானும் கேட்டுக்கு எதிரில்தான் சுக்குக் காபி போடுகிறேன். நான்கு மணிக்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். ஒரு பௌர்ணமிக்குக்கூட இதுவரை தாமதமானதில்லை.