ஒரு மண்டலம் போதவில்லை

ஆறாம் மாதத்தில் ஒருநாள் செல்வி தண்ணீர்க் குடத்தோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சு இரைத்தது. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று சொன்ன புண்ணியவான் அவள் புருஷனாகிய நான்தான். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வரும்.

புதுக்கோட்டையில் எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். வால்வு சுருக்கம் (இதயத்தின் கதவு ஒன்று முழுதாகத் திறக்காமல் போவது) என்றார்கள். மகள் எட்டாம் மாதமே பிறந்தாள். ஒன்றரைக் கிலோ. தாய் ஒரு வார்டில், பிள்ளை ஒரு வார்டில், நான் நடுவில் வராண்டாவில். கீரமங்கலத்தில் நான் மூட்டை ஏற்றி ஓட்டிய தேங்காய் லோடு வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். செல்வியின் தையல் மெஷின் மூடிக் கிடந்தது. மூத்தவன் பாதி நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. இதே வராண்டாவில் நிற்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னொரு பிரசவத்த இவங்க இதயம் தாங்காது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கவும் யோசனையா இருக்கு. கருத்தடைய நீங்க பண்ணிக்கலாமே?"

"நான் மூட்டை தூக்குறவன் மேடம்."

"தாராளமாத் தூக்குங்க. கொஞ்ச நாள் மட்டும் பொறுத்துக்கங்க."

ஐப்பசிக் கடைசியில் வாசெக்டமி (விந்துக்குழாயைச் சிறு துளை வழியே அடைக்கும் சிகிச்சை) செய்துகொண்டேன். தையல்கூட இல்லை. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்த பிறகுதான் நம்பலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வெட்கத்தில் எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. கார்த்திகை பிறந்ததும் மலைக்கு மாலை போட்டுக்கொண்டேன். ஒரு மண்டலம் தள்ளிப் படுத்து விரதம் இருந்தால் தீர்ந்தது, ஏன் என்று ஊரும் ஒன்றும் கேட்காது என்று என் கெட்டிக்காரத்தனம்.

மாலையைக் கழற்றிய அன்று செல்வி கேட்டாள்.

"டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?"

"அதான் ஒரு மண்டலம் ஆயிருச்சுல்ல?"

"சாமி ரிப்போர்ட் எழுதித் தரமாட்டாரு. போயி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அங்கிட்டுப் படுங்க."

மறுவாரம் போனேன். உயிரணு இன்னும் இருக்கிறது என்றார் லேப்காரர். அவள் கேட்காமல் இருந்திருந்தால் என் அவசரத்தில் அவளைக் கொன்றிருப்பேன். அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

மாசி கடைசியில்தான் 'இல்லை' என்று வந்தது.

இப்போது தேங்காய் மூட்டை பழையபடி தூக்குகிறேன். மகள் எட்டுக் கிலோ. செல்வி இதயத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் ரவிக்கை தைக்கிறாள். படியேறும்போது பாதியில் நிற்பாள், நானும் நிற்பேன். எங்கள் வீட்டில் அவசரம் என்பதே போய்விட்டது.

முன்பெல்லாம் அவளுக்கு நாள் நெருங்கினால் காலண்டரைப் பார்க்கவே பயப்படுவோம். போன மாதம் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அஞ்சு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. இன்னிக்கு வந்த பெறகுதான் நெனப்பே வந்துச்சு."