ஜனவரி ஒன்றாம் தேதிக் குடும்பம்

ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதி காலையிலும் என் கைப்பேசி தவறாமல் ஒரு காரியம் செய்யும். ‘இதே நாளில், பல ஆண்டுகளுக்கு முன்’ என்று மணியடித்து முந்நூற்று நாற்பது படங்களை என் முன்னால் கொட்டும். அந்தக் கணக்கை நம்பினால், என் லாத்தா மகள் ரிஸ்வானா ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறந்தாள். பன்னிரண்டரைக்கு அவளுக்கு மொட்டையடித்தார்கள். இரண்டு மணிக்குத் தவழ்ந்தாள், மூன்றரைக்கு ஓடினாள். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் பையை மாட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்கே கிளம்பிவிட்டாள். நடுவில் இரண்டு நோன்புப் பெருநாள், இரண்டு ஹஜ்ஜுப் பெருநாள் வேறு. ஒரே பகலில் இவ்வளவு வேலை பார்த்த குடும்பம் திருமலைராயன்பட்டினத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

லாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்தப் படங்கள் ஏன் இப்படி ஒரே நாளில் வந்து விழுகின்றன என்று கேட்டால், பழி முழுவதும் என்மேல்தான் வரும். அதில் பாதி உம்மாவுக்கும் சேரவேண்டும். ஆனால் உம்மாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்கு துபாய் அட்டைப்பெட்டியின் வாசனை வந்துவிடும். சோப்பு, சென்ட், பால்பவுடர், பழுப்பு ஒட்டுத்தாள் எல்லாம் சேர்ந்த வாசனை. பெட்டியைக் கத்தியால் கிழித்தவுடன் வீட்டிலிருக்கும் எல்லோரும் குனிந்து மூக்கை உள்ளே விடுவோம். அப்படி வந்த ஒரு பெட்டியில்தான் அந்த கேமரா இருந்தது. வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு. பென்சில் செல் நாலு போடவேண்டும். அனுப்பியவர் மச்சான், லாத்தாவின் வீட்டுக்காரர். லாத்தா ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும்போது துபாய்க்குப் போனவர். “புள்ள பொறந்ததுலேருந்து எடுத்து வைங்க. நான் வந்து ஒண்ணு விடாம பாக்கணும்” என்று போனில் சொன்னார்.

எடுத்தோம். ஆனால் எங்கள் ஊர் உப்புக்காற்று உங்களுக்குத் தெரியாது. கதவுக் கொண்டி, சைக்கிள், ஜன்னல் கம்பி, எதையும் அது விட்டுவைக்காது. ஒருமுறை டார்ச்சுக்குள் செல் பொங்கி டார்ச்சே வீணாய்ப் போனதிலிருந்து உம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். வேலை முடிந்ததும் எந்தப் பொருளானாலும் செல்லைக் கழற்றிவிட வேண்டும். கேமராவுக்கும் அதே சட்டம். நாலு படம் எடுத்தவுடன் செல்லைக் கழற்றித் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் போடுவார். கேமராவைப் பாலிதீன் பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைப்பார். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். ஒருநாள் கேமராவைத் தேடி டிரம்முக்குள் கைவிட்ட லாத்தா, “யா அல்லாஹ், படி அரிசிக்கு ஒரு போட்டோன்னு ஆயிடுச்சு” என்றாள்.

செல்லைக் கழற்றினால் கேமராவுக்குத் தேதி மறந்துபோகும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மறுபடி செல் போட்டதும் அது பாவம், திரையில் தேதி கேட்கும். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போது தேதியாவது ஒன்றாவது! “ஓகேய அமுக்கு, ஓகேய அமுக்கு, சிரிப்பு போயிடும்” என்று உம்மா கத்துவார். லாத்தா அமுக்குவாள். கேமரா ஜனவரி ஒன்று, பகல் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு படம் எடுக்கும். இது மூன்று வருஷம் நடந்தது.

அப்போது நான் காரைக்காலில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அதனால் குடும்பத்தில் நான் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. உறவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கேமராவின் கார்டு நிறையும்போதெல்லாம் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் படங்களை இறக்கி வைப்பேன். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘கடைசி’, ‘கடைசிக்கு அப்புறம்’ என்று நான் கோப்புறைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே என் படிப்பின் ஆழம் உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது வருஷம் மச்சானின் லீவு இரண்டாம் முறையாகத் தள்ளிப்போனது. லாத்தா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“சனிக்கிழம பக்கத்து வீட்டு யூசுப் நானா துபாய் போறாங்க. அவங்ககிட்ட சி.டி. குடுத்து வுடணும். மொத நாள்லேருந்து இன்னக்கி வரைக்கும் வரிசையா இருக்கணும். முன்ன பின்ன ஒண்ணு வரக்கூடாது.”

“வந்தா என்ன லாத்தா?”

“ஒங்க மச்சான் புள்ளய கண்ணால பாத்ததில்லடா. வளந்தத இதுலதான் பாக்கப் போறாங்க. நடந்த புள்ள மறுபடியும் தவழ்ந்தா என்ன நெனப்பாங்க?”

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. கையாலேயே அடுக்கியிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை கையால் அடுக்குவானா? அதற்கென்று நல்ல சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டேன். விதி யாரை விட்டது?

முதலில் கேமராவோடு வந்த சி.டி.யைப் போட்டேன். அதில் பொத்தானெல்லாம் ஏதோ ஒரு கீழ்த்திசை மொழியில் இருந்தது. குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினேன். படங்கள் எல்லாவற்றுக்கும் பூ வரைந்த சட்டகம் மாட்டிவிட்டு அது நின்றுவிட்டது. இரண்டாவது, கடையில் கூட வேலை பார்த்த நண்பன் கொடுத்தது. படங்களைக் கட்டம் கட்டமாக அழகாகத்தான் காட்டியது. ஆனால் காசு கட்டாமல் பயன்படுத்துகிறோம் என்ற கோபத்தில் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ‘சோதனைப் பதிப்பு’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியது. லாத்தா எட்டிப் பார்த்து, “புள்ள நெத்தியில என்னடா எழுதியிருக்கு?” என்றாள். சொன்னேன். “எம் புள்ள சோதனைப் பதிப்பா?” என்று எழுந்து போய்விட்டாள். அன்று எனக்கு டீ கிடைக்கவில்லை.

மூன்றாவதை இணையத்திலிருந்து ஒரு பகல் முழுக்க இறக்கினேன். இலவசம். பெரிய கெட்டிக்காரச் சாப்ட்வேர். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்குமாம். மொட்டையடித்த ரிஸ்வானாவையும் எதிர்வீட்டுப் பெரியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்டது. இல்லை என்றேன். விடாமல் இன்னொரு படத்தைக் காட்டிக் கேட்டது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்துத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வட்டிலாப்பத்துக்கு ஒரு பெட்டி போட்டு ‘இவர் யார்?’ என்றது. உம்மாவுக்கு அந்தச் சாப்ட்வேரை ரொம்பப் பிடித்துவிட்டது. “பாவம், ஊருக்குப் புதுசுல்ல, போவப்போவத் தெரிஞ்சுக்கும்” என்றார்.

ஆகா, இதுதான் சாப்ட்வேர் என்று முடிவு செய்தேன். தேதிப்படி தானே அடுக்கிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. எல்லாப் படங்களையும் அதற்குள் அள்ளிப் போட்டேன். பழைய பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தேதியையே பெயராக வைக்கட்டுமா என்று கேட்டது. பேஷாக வை என்றேன். சுத்தமாக இருக்கட்டும் என்று பழைய கோப்புறைகளையும் அழித்தேன். அழித்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தேன். மூன்று வருஷமும் ஒரே ஜனவரி ஒன்றாம் தேதி, பகல் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு பத்துக்குள் கிடந்தது. பள்ளிக்கூடப் பைக்கு அடுத்து தொட்டில், தொட்டிலுக்கு அடுத்து மிதிவண்டி, அதற்கடுத்து தொப்புள் கொடி விழாத பிள்ளை.

“என்னடா பண்ணி வச்சிருக்கே?” என்றாள் லாத்தா.

நான் சாப்ட்வேரைத் திட்டினேன், கேமராவைத் திட்டினேன், கடைசியில் செல்லைக் கழற்றியதைச் சொன்னேன். உம்மா நிமிர்ந்து பார்த்தார். “செல்லு பொங்கி கேமராவே போயிருந்தா இந்தப் படமும் இருந்திருக்காதுல்ல?” என்றார்.

ஒரே ஒரு வழி இருந்தது. அந்தச் சாப்ட்வேரில் படத்தின் நேரத்தை நாமே மாற்றலாம். உண்மைத் தேதி யாருக்கும் ஞாபகமில்லை. எது முந்தி எது பிந்தி என்பது மட்டும் லாத்தாவுக்குத் தெரியும். அதனால் அதே ஜனவரி ஒன்றிலேயே படத்துக்கு ஒரு நிமிஷம் என்று முந்நூற்று நாற்பது நிமிஷம் போடுவது என்று தீர்மானித்தோம். புதனும் வியாழனும் கடைக்கு லீவு சொன்னேன். லாத்தா ஒரு பக்கம், உம்மா ஒரு பக்கம், நடுவில் நான். ரிஸ்வானா என் மடியில் உட்கார்ந்து தன் படத்துக்கே முத்தம் கொடுத்துத் திரையை எச்சிலாக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு நாளில் நான் பார்த்த சாட்சி விசாரணையை எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

“இது செவுத்துக்குப் பச்சப் பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம்.”

“கொல்லையில ஆடு நிக்கிது பாரு. அப்ப இது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்ன.”

“எந்த ஹஜ்ஜுப் பெருநா? இது கறுப்பு ஆடு. மொத வருஷம் வாங்குனது வெள்ள ஆடு, உம்மா.”

“கறுப்பு ரெண்டு வருஷமும் நின்னுச்சே?”

“உம்மா, நாமதான் அறுத்தோம். அது எப்புடி மறு வருஷம் நிக்கும்?”

ஆட்டை வைத்தும், பல்லை வைத்தும், உம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்ததை வைத்தும், காதணி தொலைந்த நாளை வைத்தும் லாத்தா ஒவ்வொரு படத்தையும் இடத்தில் உட்கார வைத்தாள். ஒரு படத்தில்கூட அவள் திணறவில்லை. மச்சான் இல்லாத மூன்று வருஷத்தையும் அவள் ஒரு நாள் விடாமல் மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சனிக்கிழமை காலை சி.டி. யூசுப் நானாவின் சட்டைப்பைக்குப் போனது. எனக்கு என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மச்சான் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

“எல்லாம் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன். ரூம்ல உள்ளவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுனேன். ஒரு மலையாளத்துக்காரரு அழுதுட்டாரு.” போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மலையாளத்துக்காரர் மறுபடியும் அழுதிருக்க வேண்டும். “ஒண்ணே ஒண்ணுதான். மொத நோன்புப் பெருநாளுக்கு நான் செவப்பு கவுனு அனுப்புனேன்ல? சி.டி.யில அன்னக்கி மஞ்ச கவுனு போட்டிருக்கு. செவப்பு ரெண்டாம் பெருநாள்லதான் வருது. முன்ன பின்ன ஆயிடுச்சா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். நடந்தது இதுதான். துபாய் அறையில் கூட இருந்த யாரோ தன் இரண்டு வயதுப் பெண்ணுக்கு வாங்கியபோது மச்சானும் அதே அளவில் வாங்கியிருந்தார். ஒன்பது மாதப் பிள்ளைக்கு அது காலைத் தாண்டி ஒரு சாண் தரையில் கிடந்தது. உம்மா காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய் மஞ்சள் கவுன் வாங்கி வந்தார். சிவப்பு கவுன் பீரோவுக்குள் ஒரு வருஷம் காத்திருந்தது. ஆனால் அந்தப் பெருநாள் காலையில் மச்சான் போனில் ஆசையாகக் கேட்டபோது, “அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குங்க” என்று லாத்தா சொல்லிவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். லாத்தா என் தொடையில் கிள்ளினாள்.

“ஆமாங்க, நீங்க சொல்றதுதான் சரி. செவப்புதான் மொதப் பெருநா. இவன்தான் மாத்தி வச்சுட்டான்.”

“என்ன மாப்ள, கம்ப்யூட்டர் படிச்சவன், இதுல கோட்ட வுட்டுட்டியே?” மச்சான் சிரித்தார். எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார் தெரியுமா! ஊரில் இல்லாத மனிதர், வீட்டில் நடந்ததில் ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

“சாப்ட்வேர் சரியில்ல மச்சான்” என்றேன்.

போனை வைத்தவுடன் லாத்தா இரண்டு படங்களையும் மாற்றச் சொன்னாள். “லாத்தா, செவப்பு கவுனுல பல்லெல்லாம் மொளச்சு ஓடுது. அத முன்ன போட்டா, ஓடுன புள்ள அடுத்த படத்துலயே தவழுமே?” என்றேன்.

“தவழட்டும்” என்றாள்.

ஆறு மாதம் கழித்து வந்த மச்சான் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். “ம், இப்பத்தான் சரியா இருக்கு” என்றார். ஒன்பது மாதப் பிள்ளைக்கு எத்தனை பல் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இந்த ஜனவரி ஒன்றுக்கு ரிஸ்வானா கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள். என் கைப்பேசியை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள். “மாமா, இந்தச் செவப்பு கவுனுல ஓடுறேன், வாய் நெறயப் பல்லு. அடுத்ததுல ரெண்டு பல்லோட தவழ்றேன். எப்புடி?”

இப்போது ஊரோடு வந்துவிட்ட மச்சான் நாற்காலியிலிருந்து, “ஒங்க மாமா அதயும் மாத்தித்தான் வச்சிருந்தாரு. துபாய்லேருந்து நாந்தான் கண்டுபிடிச்சேன்” என்றார். அடுப்படியிலிருந்து லாத்தா என்னைப் பார்த்தாள். “பழைய சாப்ட்வேர்மா. அது அப்புடித்தான்” என்றேன்.

படங்களைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. சி.டி. கொண்டுபோன யூசுப் நானா இல்லை. செல்லைக் கழற்றித் துணியில் சுற்றி வைக்க உம்மாவும் இல்லை. ரிஸ்வானா மத்தியானம் சாப்பிட்ட சோற்றைக்கூட எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்ற விவரத்தோடு படமாக வாப்பாவுக்கு அனுப்புகிறாள். ஒன்றுகூட முன்பின்னாக வருவதில்லை. அதனால் மச்சான் கண்டுபிடிக்க எதுவும் இருப்பதில்லை. பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார்.